பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு: முதல்முறை எண்ணப் போகிறவர்களுக்கு

பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கண்ணில் படும் பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியலாக ஏற்றுவதுதான் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. 2015-இல் தொடங்கியது. கட்டணம் இல்லை, முன்அனுபவம் தேவையில்லை. மொட்டைமாடியில் நின்று காக்கை எண்ணினாலும் கணக்கில் சேரும். ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்களின் கவனமெல்லாம் எத்தனை வகை பார்த்தோம் என்பதில்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு நேரம் பார்த்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம், ஒவ்வொரு வகையிலும் எத்தனை இருந்தன என்ற மூன்றும் சரியாக இருந்தால், எட்டே வகை உள்ள பட்டியலும் உருப்படியான பட்டியல். கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்றையும் சரியாகப் பிடிப்பதற்கான வழிகள்.

1. இடத்தை முடிவு செய்யுங்கள்

வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் எண்ணுகிறவர்கள் எப்படியும் போய்விடுவார்கள். உங்கள் ஊர் ஏரியையோ கண்மாயையோ நீங்கள் எண்ணாவிட்டால் வேறு யாரும் எண்ணப் போவதில்லை. அடுத்த வருடமும் இதே நாளில் வந்து நிற்க முடிகிற இடமாகப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து நீர்நிலைகள் நிறைந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் ஊரில் இருக்கும் என்பதால் ஜனவரி இதற்குத் தோதான மாதம்.

காணும் பொங்கலன்று கடற்கரையும் சரணாலயமும் வேண்டாம், கூட்டத்தில் எண்ண முடியாது. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். தனியார் வயல் என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

2. முந்தின நாள் மாலையே முடிக்க வேண்டியவை

இ-பேர்ட் செயலியை நிறுவி, கணக்குத் தொடங்கி, உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். கூடவே ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். பனியில் நனைந்த தாளில் பேனா மை பரவும், பென்சில் பரவாது.

பைனாகுலர் இருந்தால் 8×42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 12 மடங்கு, 20 மடங்கு என்று வாங்கினால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். வலதுகண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடதுகண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதுகண்ணை மூடி, வலது கண்குழலில் உள்ள வளையத்தைத் திருகுங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி வருகிறது. இந்த வளையத்தை ஒருமுறை சரிசெய்தால் போதும். பிறகு நடுச்சக்கரம் மட்டும்தான். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்குழல் விளிம்பை உள்ளே இறக்கிவிடுங்கள்.

3. நேரமும் வெளிச்சமும்

ஜனவரியில் சூரியன் ஆறரை மணிவாக்கில் எழும். அப்போதிருந்து ஒன்பது, ஒன்பதரை வரை பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும். ஏரி என்றால் பனிமூட்டம் விலகும்வரை பொறுத்திருந்து தொடங்குவதே நல்லது. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லா வாத்தும் கறுப்பு வாத்தாகத்தான் தெரியும். கணக்கெடுப்பில் போகி நாளும் சேர்ந்திருந்து, நீங்கள் நகரத்தில் இருந்தால், விடியலை விட்டுப் புகை அடங்கிய பிறகு போங்கள்.

4. நிற்பதா, நடப்பதா

ஒரே இடத்தில் 15 நிமிடம் நிற்பது தொடக்கத்துக்கு நல்லது. நடப்பதாக இருந்தால் செயலியில் பாதைப் பதிவை இயக்குங்கள்; ஒரு பட்டியலுக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குள் வைத்துக்கொண்டால், எந்தப் பறவை எங்கே இருந்தது என்பதற்குப் பொருள் இருக்கும். போன வழியிலேயே திரும்பினால் ஒருவழித் தூரத்தை மட்டும் குறியுங்கள், திரும்பும்போது பழைய பறவைகளை மறுபடி எண்ணாதீர்கள். வயலும் ஏரியும் அடுத்தடுத்து இருந்தால் தனித்தனிப் பட்டியல் போடுங்கள்.

5. எண்ணுவது

இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான் எல்லாம் ஒன்றிரண்டாக வரும், பார்த்தவுடன் குறித்துவிடுங்கள். முடிவில் நினைவிலிருந்து எழுதினால் 7 என்பது 10 ஆகிவிடும்.

கூட்டத்துக்கு வேறு முறை. நீரில் நாமக்கோழிகள் பரவிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஓரத்தில் சரியாகப் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். அதே அளவு இடம் மொத்தக் கூட்டத்தில் எத்தனை தடவை வருகிறது? 14 தடவை என்றால் 140. ஆயிரக்கணக்கில் இருந்தால் பத்துக்குப் பதில் நூறாக எண்ணுங்கள். ஓரத்தைவிட நடுவில் நெருக்கம் அதிகம், அதனால் ஓரத்து அளவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் தொகை குறைந்துவிடும். நடுவில் ஒரு பத்தும் எண்ணிப் பார்த்துச் சராசரி எடுங்கள். இரண்டு பேர் இருந்தால் தனித்தனியாக எண்ணிவிட்டு ஒப்பிடுங்கள். முதலில் எண்ணியவர் தொகையைச் சொல்லிவிட்டால் இரண்டாமவரும் அதையொட்டித்தான் சொல்வார்.

தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும் உழவாரன்களைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தன என்பதுதான் எண். கரையில் நடக்கும்போது மடையான் எழுந்து முன்னால் போய் உட்காரும், நீங்கள் நெருங்கியதும் மறுபடி எழும். எழுந்தது எங்கே போய் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் ஒரே மடையானை மூன்று தடவை எண்ண மாட்டீர்கள். மாலையில் அடையப் போகும் கொக்குக் கூட்டம் வரிசையாகக் கடந்தால், ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று மூன்று தடவை எண்ணி, சராசரியைக் கடந்துபோன மொத்த நிமிடங்களால் பெருக்குங்கள்.

எண்ணே தெரியாவிட்டால் 'எக்ஸ்' குறி போட வசதி உண்டு. கூடுமானவரை அதைத் தொடாதீர்கள். 'சுமார் 60' என்ற மதிப்பீடு எக்ஸைவிட எவ்வளவோ மேல்.

6. அடிக்கடி குழப்பும் பறவைகள்

வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒன்றல்ல. குளிர்காலத்தில் உண்ணிக்கொக்கின் காவி நிறம் போய் முழு வெள்ளையாக இருக்கும். குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகும் காட்டிக்கொடுக்கும். அலகும் காலும் கறுத்து, பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்ன வெண்கொக்கு. பெரிய வெண்கொக்கின் வாய்க்கோடு, அதாவது அலகு பிளக்கும் கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். நடுத்தர வெண்கொக்குக்கு அப்படி நீளாது. கழுத்து சாம்பல் என்றால் வீட்டுக்காகம், முழுக்கக் கறுப்பு என்றால் அண்டங்காக்கை. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை தகைவிலான்கள். உழவாரன் கம்பியில் உட்காராது.

முடிவு செய்ய முடியாத சேற்றுப் பறவையை 'உள்ளான் வகை' என்றும், புதருக்குள் 'டக் டக்' என்று மட்டும் கேட்டதை 'கதிர்க்குருவி வகை' என்றும் போடலாம், செயலியில் அதற்குரிய பொதுப் பதிவுகள் இருக்கின்றன. துணிந்து ஒரு பெயரைப் போடுவதைவிட இது பயனுள்ளது. மெர்லின் செயலி குரலைக் கேட்டுச் சொல்லும் பெயரை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரிச்சான் வல்லூறு போலவே கத்தும். செயலியும் ஏமாறும், நாமும் ஏமாறுவோம்.

பறவையை வரவழைக்கக் குரல்பதிவை ஒலிக்கவிடாதீர்கள். கூடு கட்டியிருக்கும் மரத்தை நெருங்கவும் வேண்டாம்.

7. ஏற்றுவது

முடித்ததும் பாதைப் பதிவை நிறுத்துங்கள். மறந்து வண்டியில் ஏறிவிட்டால் வீடுவரை நடந்ததாகப் பதிவாகிவிடும். அப்படி நடந்தால் நேரத்தையும் தூரத்தையும் கையால் திருத்தலாம். பிறகு, முழுமையான பட்டியலா என்று செயலி கேட்கும். எல்லாப் பறவையையும் அடையாளம் கண்டீர்களா என்பதல்ல அந்தக் கேள்வி. அடையாளம் கண்ட எதையும் விட்டுவிடவில்லையே என்பதுதான். காக்கை, புறாவையெல்லாம் சேர்த்திருந்தால் 'ஆம்' போடுங்கள். 'ஆம்' என்ற பட்டியலில் சிட்டுக்குருவி இல்லையென்றால், அது அங்கே உங்களுக்குத் தென்படவில்லை என்ற தகவலும் பதிவாகிறது.

நான்கு பேர் சேர்ந்து போனால் ஒருவர் மட்டும் பட்டியல் போட்டு மற்ற மூவருடன் பகிர வேண்டும். ஆளுக்கொன்று தனித்தனியாக ஏற்றினால் 40 வாத்து 160 ஆகிவிடும்.

வழக்கத்துக்கு மாறான வகையையோ பெரிய எண்ணிக்கையையோ போட்டால் செயலி விளக்கம் கேட்கும். அலகு, கால், வால் எப்படி இருந்தன, எப்படி எண்ணினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். படம் இருந்தால் சேருங்கள். சில நாள் கழித்து, சரிபார்க்கும் தன்னார்வலரிடமிருந்து மின்னஞ்சலும் வரலாம். குற்றம் கண்டுபிடிப்பதாக நினைத்துப் பட்டியலை நீக்கிவிடாதீர்கள். உறுதியாகத் தெரிந்தால் விவரம் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு வரியை மட்டும் 'உள்ளான் வகை', 'வாத்து வகை' என்பதுபோல் மாற்றினால் போதும்.