சரிவான தோட்டத்துல மண்ணு நிக்கணும்னா என்ன செடி வைக்கலாம்

ஏற்காடு, கொடைக்கானல், குன்னூர் பக்கம் சரிவுல வீடு கட்டினவங்களுக்கு ஐப்பசி மழை வந்தாலே ஒரே கவலைதான், மேல இருக்கற மண்ணெல்லாம் கரைஞ்சு வாசல்ல வந்து நிக்கும். நர்சரிக்குப் போனா அழகா பூக்கறதா பாத்து எடுத்துக் குடுப்பாங்க, ஆனா நீங்க கேக்க வேண்டியது வேர் எவ்ளோ ஆழம் போகும்ங்கறதத்தான்.

படர்ற செடி, மழை நேரா மண்ணுல அடிக்காம தடுக்கும், ஓடற தண்ணியோட வேகத்தையும் குறைக்கும். ஆனா அதோட வேர் பெரும்பாலும் மேலாப்புலயே நின்னுடும், அத மட்டும் நம்பினா பெருமழையில மேல் மண்ணு பாய சுருட்டின மாதிரி செடியோட சேந்து கீழ வந்துரும். அதனால குறுக்கால வெட்டிவேர் வரிசை, நடுவுல படர்ற செடி, ரெண்டும் வேணும்.

வெட்டிவேர் நல்ல மண்ணுல ஒரே வருஷத்துல 3 மீட்டர் வரைக்கும் கூட நேரா கீழ எறங்கும், பக்கத்துச் செடிய தொந்தரவு பண்ணாது. வெட்டிவேர் தூர, அதாவது அடிக் கொத்த, பிரிச்சு ரெண்டு மூணு தண்டா எடுத்து, மேல ஒரு ஜாண் விட்டு இலைய வெட்டிட்டு, 10லேருந்து 15 சென்டிமீட்டர் இடைவெளியில நெருக்கி நடணும், இடைவெளி விட்டா அந்த சந்துலயே தண்ணி அரிச்சுடும். வரிசை மேலேருந்து கீழ போகக்கூடாது, சரிவுக்குக் குறுக்க ஒரே மட்டத்துல போகணும். மட்டம் பாக்க ரெண்டு குச்சிய கூம்பா கட்டி, நடுவுல ஒரு குறுக்குக் குச்சி வச்சு, உச்சியிலேருந்து நூல்ல கல்ல தொங்கவிட்டா போதும், நூல் குறுக்குக் குச்சிக்கு நட்டநடுவுல வந்தா ரெண்டு காலும் ஒரே மட்டம். ஒண்ணு, வெட்டிவேருக்கு வெயில் வேணும், சில்வர் ஓக் நிழல்ல சோம்பிப் போயிடும்.

நடுவுல போட என் ஓட்டு அராக்கிஸ் பின்டாய்க்கு, நம்ம நிலக்கடலையோட சொந்தக்கார செடி, மஞ்சப் பூ, கணுவுக்குக் கணு வேர் விடும், தழைச்சத்தையும் மண்ணுல சேக்கும், லேசான நிழல்லயும் வரும். நல்ல வெயில் இருந்தா அருகம்புல்லும் ஓகே. அடர்ந்த நிழல்னா புல்லு மாதிரி இருக்கற மோண்டோ கிராஸ், இல்லேன்னா தானா வர்ற பெரணிய புடுங்காம விட்ருங்க. சர்க்கரைவள்ளி வேகமா மூடும், ஆனா கிழங்குக்காக தோண்டினா மண்ணு மறுபடி இளகிடும்.

வெடேலியான்னு மஞ்சப் பூ பூக்கற ஒரு படர்ற செடி இருக்கு, அத மட்டும் வாங்காதீங்க. மலிவா கிடைக்கும், சீக்கிரம் படரும், அப்புறம் வேலி தாண்டி ஓடை, காடுன்னு போயிடும், உலகத்துலயே மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் 100ன்னு போட்ட பட்டியல்ல அதுவும் இருக்கு. உண்ணிச்செடி ஏற்கனவே மலைய நாசம் பண்ணினது பத்தாதா!

பெருமழைக்கு முன்னாடியே வேர் பிடிக்கணும், அதனால ஆடி வாக்குல சாரல் இருக்கும்போதே நட்ருங்க. செடி மூடற வரைக்கும் தென்னை நார் வலைய விரிச்சு, மூங்கில் முளை அடிச்சு வைங்க, வலையில ஓட்டை போட்டு நட்டா போதும், அது மெல்ல மக்கிடும். களைய வேரோட புடுங்காம அருவாளால அறுத்து அங்கேயே போடுங்க.

செங்குத்தா வெட்டின மேடு, மேல விரிசல், சாய்ஞ்ச மரம் இதெல்லாம் இருந்தா செடியால ஒண்ணும் ஆகாது, இன்ஜினியர கூப்ட்டு தண்ணி வெளிய போக ஓட்டை வச்ச தாங்கு சுவர் கட்டிட்டு, அப்புறமா செடிக்கு வாங்க.