பழைய ஆவணத்திலிருந்து ஒரு வாழ்க்கையைப் படித்தெடுப்பது எப்படி

வரி வாங்க, சொத்தைப் பிரிக்க, குற்றத்தை விசாரிக்க என்று ஏதோ ஒரு வேலைக்காக எழுதப்பட்டவைதான் காப்பகத்தில் இருக்கும் ஆவணங்கள். என்ன வேலைக்காக, யார், யாருக்காக எழுதினார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எழுத்தர் எல்லாருக்கும் போடும் வாசகத்தை அந்த மனிதரின் மனசு என்று நம்பிவிடுவோம். உயில்களின் தொடக்கத்தில் வரும் இறைவேண்டல் பல நேரம் அப்படிப்பட்டதுதான்.

வாசிப்பறையில் பென்சில் போதும். தாள் ஆவணங்களுக்குக் கழுவி நன்கு உலர்த்திய கையே நல்லது. கையுறை போட்டால் விரலில் உணர்வு மங்கி விளிம்பு கிழியும். ஆவணக் கட்டுக்குள் தாள்கள் இருக்கும் வரிசையைக் கலைக்காதீர்கள். எது எதோடு சேர்த்துக் கட்டப்பட்டது என்பதும் தகவல். ஒவ்வொரு குறிப்புக்கும் கட்டு எண், தாள் எண், முன்பக்கமா பின்பக்கமா என்று உடனே எழுதிவிடுங்கள்.

படியெடுக்கும்போது பிழையைத் திருத்தாதீர்கள், அடித்தலையும் குறியுங்கள். ஓர் எழுத்து பிடிபடவில்லையென்றால், அதே எழுத்தர் தெளிவான வேறொரு சொல்லில் அதை எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிடுங்கள்.

தேதியில் பலர் சறுக்குவார்கள். இங்கிலாந்தில் 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. 1700 ஏப்ரலில் திருமணம், 1700 பிப்ரவரியில் குழந்தை என்று பதிவேடு சொன்னால், குழந்தை பிறந்தது நம் கணக்கில் 1701. வயதிலும் அப்படியே: 30, 40, 50 என்று முழு எண்களாகக் குவிந்தால் குத்துமதிப்பாகச் சொன்னவை. அதிலிருந்து பிறந்த ஆண்டைத் துல்லியமாகக் கணக்கிடாதீர்கள்.

வீட்டு வாழ்க்கைக்கு, இறந்தவரின் பொருள் பட்டியலைப் போல் உதவும் ஆவணம் குறைவு. மதிப்பிட வந்தவர்கள் அறை அறையாக நடந்து எழுதியிருந்தால், பட்டியலின் வரிசையை வைத்தே வீட்டின் அமைப்பைத் தாளில் வரையலாம். சமையலறையில் படுக்கை இருந்தால் அங்கே யாரோ படுத்திருக்க வாய்ப்புண்டு. "பழைய", "உடைந்த" போன்ற அடைமொழிகளை விடாதீர்கள். எது புழங்கித் தேய்ந்தது என்று அவைதான் காட்டும். இல்லாததையும் கவனியுங்கள். மலிவான சாமான்கள் பெரும்பாலும் "மற்றவை" என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். இங்கிலாந்துப் பட்டியல்களில் சொந்த நிலம் சேராது. ஆகவே பட்டியல் சிறியது என்பதற்காக அவரை ஏழை என்று எழுதிவிட முடியாது.

நீதிமன்ற வாக்குமூலத்தில் பேசுவது சாட்சி, எழுதுவது எழுத்தர். தெற்கு பிரான்ஸில் ஆயர் ழாக் ஃபூர்னியே 1318 முதல் 1325 வரை நடத்திய விசாரணைகளில் கிராமத்தார் ஆக்ஸிதான் மொழியில் பேசினார்கள். பதிவேடு லத்தீனில் இருக்கிறது. அவர்கள் சொன்ன சொற்கள் அப்படியே நம்மிடம் இல்லை. ஒரு வழக்கின் எல்லாச் சாட்சிகளும் ஒரே வரிசையில் ஒரே விஷயங்களைச் சொன்னால், அது கேட்ட கேள்வியின் சாயல். அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். மிஞ்சுவதில்தான் வாழ்க்கை இருக்கிறது: சம்பவம் நடந்தபோது சாட்சி துணி துவைத்துக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போயிருந்தார் என்று போகிறபோக்கில் வரும் வினைச்சொற்கள். யார், எந்த வேலை, எந்த நேரம், எந்த இடம் என்று நான்கு பத்திகளில் அட்டவணை போடுங்கள். தொழில் பெயரே இல்லாமல் "இன்னாரின் மனைவி" என்று மட்டும் பதிவான பெண்கள் நாள் முழுக்க என்ன வேலை செய்தார்கள் என்பது அந்த இரண்டாம் பத்தியில் தெரியவரும்.