டிஸ்ப்ளே வரவில்லை என்றதும் ஃபார்மட் அடிக்காதீர்கள்

கடைக்கு வேலை பழக வந்திருக்கும் தம்பி போன வாரம் ஒரு லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகிக்கொண்டிருந்தான். "என்னப்பா பண்ற?" என்றேன். "அப்டேட் போட்டதுல இருந்து டிஸ்ப்ளே வரலையாம்ணா. ஃபார்மட் அடிச்சிடலாம்னு பாக்குறேன்" என்றான். கையைப் பிடித்து நிறுத்தினேன். இதே வார்த்தையைச் சொல்லி இதே தவறைச் செய்தவன் நான்.

கேபிளை ஆட்டிப் பார்ப்பது, மானிட்டர் ஸ்விட்சைப் பார்ப்பதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

எடுத்த எடுப்பில் ஃபார்மட்

வைகாசி முகூர்த்தங்கள் நெருக்கிய நேரம். எங்கள் ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, அப்புறம் இருட்டு. சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். "எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். சி டிரைவை மட்டும் ஃபார்மட் அடித்தேன்.

டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கும். முந்தின இரவு அவசரத்தில் இரண்டு கல்யாணப் படங்களை அவர் டெஸ்க்டாப்பில்தான் கொட்டியிருந்தார். கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டார். சி டிரைவ் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் வகை டிஸ்க். அதில் ஃபார்மட் அடித்தால், பழைய தரவு இருந்த இடங்களை டிரிம் என்ற வசதி காலியாக்கிவிடும். ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு மீட்டுத்தரும் மென்பொருள்கள் இங்கே கைகொடுக்காது. அந்த இரண்டு வீட்டுக்கும் போய் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேறு. அன்று இரவே நெட் இணைத்ததும், அப்டேட், கோளாறு செய்த அதே கிராபிக்ஸ் டிரைவரை (திரையில் படம் காட்ட உதவும் மென்பொருள்) திரும்பக் கொண்டுவந்து போட்டது. திரும்பவும் இருட்டு. படங்களும் போய்விட்டன, கோளாறும் தீரவில்லை.

திரையில் படம் வருவதற்கும் டிஸ்க்கில் தரவு இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் பேசுவது டிரைவர். அப்டேட்டில் அது மாறி, ஒத்துப்போகாமல் நிற்கிறது, அவ்வளவுதான். முதலில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு B எழுத்தைத் தட்டுங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். சில மெஷின்கள் இதிலேயே எழுந்துவிடும். விண்டோஸும் P எழுத்தும் சேர்த்து அழுத்தி, படம் இரண்டாவது திரைக்குப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதிலும் வரவில்லையா? விண்டோஸ் ஏறும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அங்கே விண்டோஸ் தன் சொந்த அடிப்படை டிரைவரில் ஓடும். அதில் படம் வந்துவிட்டால் கார்டும் திரையும் நன்றாக இருக்கின்றன, கோளாறு டிரைவரில் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து, டிரைவர் பகுதியில் ரோல் பேக் (பழைய டிரைவருக்குத் திரும்புவது) கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் டிரைவரை நீக்கிவிட்டு, லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உரியதைப் போடுங்கள். அப்டேட்டைச் சில நாள் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

ஃபார்மட்தான் வழி என்று ஆகிவிட்டாலும், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம் உள்ள பென்டிரைவிலிருந்து மெஷினைத் தொடங்கி, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் வெளியே எடுத்த பிறகுதான்.

சாவி கேட்காமல் பயாஸில் கை வைப்பது

தம்பி பார்த்துக்கொண்டிருந்த லேப்டாப்பில் சேஃப் மோடுக்குப் போனபோது நீலத் திரை வந்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் சாவி கேட்டது. இப்போது வரும் லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. உரியவருக்கே தெரியாது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் செட்டிங்ஸில், செக்யூர் பூட் (Secure Boot) என்ற பாதுகாப்பை அணைத்தாலும் இதே திரை வரலாம். சாவி 48 இலக்கம். லேப்டாப்புக்குரிய அக்காவுக்குப் போன் போட்டோம். தன் போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து படித்துச் சொன்னார். ரோல் பேக் கொடுத்ததும் படம் வந்தது. மெஷினை வாங்கி வைக்கும்போதே இந்தச் சாவி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அது தொலைந்தால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது.

லோகோவே வராதபோது அப்டேட்டைத் திட்டுவது

தயாரிப்பாளர் லோகோ விண்டோஸுக்கு முன்னால் வருவது. அதுவே வராவிட்டால் ரேம் எனும் மெமரி அட்டையைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

அப்டேட் ஓடும்போதே அணைப்பது

நடுவில் திரை இருண்டு ரீஸ்டார்ட் ஆவது வழக்கம்தான். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரமாவது பொறுங்கள். மேலே சொன்ன பவர் பட்டன் வேலை அப்டேட் முடிந்த மெஷினுக்கு மட்டும்.

டிரைவர் தேடித்தரும் இலவச மென்பொருள்

வேண்டாம்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவது

பெரிய வெர்ஷன் அப்டேட் என்றால் பழையதற்குத் திரும்பும் வசதி சாதாரணமாக 10 நாள்தான்.