லோகஸ்ட் மரம் வாங்கும் முன்

பிளாக் லோகஸ்ட், ஹனி லோகஸ்ட் இரண்டும் வேறு வேறு மரங்கள். புல்தரை நடுவே வைக்க ஹனி லோகஸ்ட்தான் நல்லது. அதன் நிழல் மெல்லியது, கீழே புல் சாகாது. சிற்றிலைகள் பொடியாக உதிர்வதால் கூட்டும் வேலையும் குறைவு. ஆனால் காட்டு ரகத்தின் தண்டில் கிளைத்த பெரிய முட்கள் இருக்கும். முள்ளில்லாத ஒட்டுக்கன்றாகக் கேளுங்கள். ‘சன்பர்ஸ்ட்’ ரகத்தில் இளந்தளிர் மஞ்சளாக வரும், காயும் அநேகமாகப் பிடிக்காது. ஒட்டுக்குக் கீழே முளைப்பதை உடனே கிள்ளுங்கள். அதில் முள் வரலாம்.

பிளாக் லோகஸ்டின் வெள்ளைப் பூங்கொத்து மணக்கும், தேனீக்கள் மொய்க்கும். தொல்லை வேரில்தான். மண்வெட்டி பட்டு வேர் காயப்பட்டால் அங்கங்கே வேர்க்கன்றுகள் கிளம்பும். மரத்தையே வெட்டினால் இன்னும் அதிகமாக. அந்தக் கன்றுகளை மேலாக வெட்டாமல், வேரிலிருந்து பிய்த்தெடுங்கள். தழைச்சத்து உரம் வேண்டாம்: வேர் முடிச்சுகளே அதைத் தருகின்றன, மிஞ்சினால் கிளை நீண்டு காற்றில் முறியும். பட்டை, இலை, விதை எல்லாம் நஞ்சு. குதிரை கட்டும் இடத்தில் இந்த மரம் கூடவே கூடாது.

இரண்டுக்கும் முழு வெயில் வேண்டும்.