டெப்பட் கவர் பெக்கிங் மாற்றும்போது கை செய்யும் தவறுகள்

கினிகத்தேனையிலிருந்து வட்டவளை வழியாக ஹட்டனுக்கு இரண்டாம் கியரில் ஏறி வந்து வேனை நிறுத்தியதும் ஒரு கருகல் நாற்றம் வருகிறதா? கிளச்சா, பிரேக்கா என்று குழம்புவதற்கு முன் பொனட்டைத் திறந்து, எஞ்சினின் உச்சியில் இருக்கும் மூடியான டெப்பட் கவரின் ஓரத்தைப் பாருங்கள். அந்த மூடிக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர்தான் பெட்டியில் வால்வ் கவர் கெஸ்கட் என்று எழுதி வருவது. நம் பக்கத்துக் கராஜ்களில் அதற்கு டெப்பட் கவர் பெக்கிங் என்று பெயர். அது காய்ந்துபோனால் ஒயில் கசிந்து, புகை வெளியேறும் குழாயான எக்சோஸ்ட் மெனிஃபோல்ட் மேல் இறங்கும். சமதரையில் ஓடும் வண்டியில் இது பெரிதாகத் தெரியாது. ஏற்றத்தில் எஞ்சின் நெடுநேரம் பாரம் இழுத்து, மெனிஃபோல்ட் கொதித்து நிற்கும்போதுதான் புகையும், நாறும். சொட்டுத்தானே என்று விட்டுவிடவும் முடியாது, அந்தச் சூட்டில் ஒயில் தீப்பிடிக்கக்கூடியது.

இப்போது இந்தக் கதை அடிக்கடி காதில் விழுகிறது. 2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மறுபடி திறக்கும்வரை இருந்த வண்டியைத்தான் எல்லோரும் ஓட்டித் தீர்த்தோம். இருபது, இருபத்தைந்து வயது எஞ்சினில் அந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது.

கசிவைப் பார்த்ததும் கை தானாகப் பத்தாம் நம்பர் சொக்கட்டைத் தேடும். நானும் அப்படித்தான் போனேன். “அண்ணே, இன்னும் அரைச் சுத்து இறுக்குங்க, நின்னுரும்” என்றான் கூட இருந்த தம்பி. நின்றது, நாலு நாள். மறுபடி இன்னும் அரைச் சுத்துக்குப் போனபோது போல்ட்டின் தலை மட்டும் கையோடு வந்தது. ஹெட்டுக்குள் முறிந்து நின்ற துண்டை எடுக்கக் கொடுத்த காசில் நாலு பெக்கிங் வாங்கியிருக்கலாம். காய்ந்த ரப்பரை எவ்வளவு நசுக்கினாலும் அதற்கு இளக்கம் திரும்பாது. அதுவும் இந்த போல்ட்கள் பெரும்பாலான எஞ்சின்களில் 6 மில்லிமீட்டர்தான். அவை கேட்பது சுமார் 5 முதல் 10 நியூட்டன் மீட்டர். கார் சக்கர நட்டுக்குக் கொடுக்கும் வலுவில் பத்தில் ஒரு பங்குதான். சரியான கணக்கு உங்கள் எஞ்சினின் மெனுவலில் இருக்கும். அளந்து இறுக்கும் டோர்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் நீளமான ரெச்சட்டை வைத்துவிட்டுக் கட்டையான கைப்பிடியை மணிக்கட்டால் மட்டும் திருப்புங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் தகர மூடி போல்ட் இடங்களில் குழிந்துபோகும், பிளாஸ்டிக் மூடி வெடிக்கும். குழிந்த மூடிக்குப் புதுப் பெக்கிங் போட்டாலும் கசியும், ஆகவே கழற்றியதும் ஒரு கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து ஆடுகிறதா என்று பாருங்கள்.

அதற்கு எதிர்ப்பக்கத் தவறு, மேலே கசிவதைக் கீழே தேடுவது. ஒயில் ஹெட்டின் பின்பக்கமாக வழிந்து கியர்பொக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். உடனே “பின் சீல் போச்சு, கியர்பொக்ஸ் இறக்கணும்” என்று முடிவு கட்டிவிடுவார்கள். இறக்கச் சொல்வதற்கு முன் எஞ்சினைக் கழுவித் துடைத்து, ஓர் ஏற்றம் ஓட்டிவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எஞ்சினில் அதன் ஓ-ரிங்கும், கேம் சீலும் இதே மாதிரி ஏமாற்றும்.

இன்னொரு பயம் நுவரெலியாப் பக்கம் அதிகம். ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் பால்கோவா நிறத்தில் நுரை. ஹெட் கெஸ்கட் போய்த் தண்ணீர் ஒயிலில் கலந்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். குளிரில் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை, உள்ளே படிந்த நீராவி ஒயிலோடு கலந்து நுரைக்கும். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, டிப் ஸ்டிக்கில் ஒயில் தெளிவாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான்.

வாங்கும் இடத்தில் நடக்கும் தவறு ஒன்றே ஒன்று: வண்டியின் பெயரை மட்டும் சொல்வது. ஒரே மாடலில் மூன்று வகை எஞ்சின் வரும். செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் எழுதிக்கொண்டு போங்கள், முடிந்தால் பழையதையும் கொண்டுபோங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்பவர்கள் பழையதைப் படம் எடுத்து அனுப்பலாம். பெக்கிங்கோடு ஸ்பார்க் பிளக் குழிகளைச் சுற்றி வரும் ரப்பர் வளையங்களும் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வொஷர்களும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். அவற்றை விட்டுவிட்டால் கவரின் ஓரம் கசியாமல் இருக்கும், பிளக் குழி மட்டும் ஒயிலில் நிரம்பும். அப்புறம் எஞ்சின் மிஸ் அடிக்கிறது என்று கொயிலை மாற்றிக்கொண்டிருப்போம். கோர்க் பெக்கிங் மலிவுதான், ஆனால் சூட்டில் சுருங்கிவிடும். ரப்பருக்கென்று பள்ளம் வெட்டிய மூடிக்கு கோர்க்கை வெட்டிப் போடுவது வீண் வேலை.

இனி சிலிகன் பசை. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ட்யூப் முழுவதையும் பிதுக்கிச் சுற்றிப் பூசினால் நிம்மதியாகத்தான் இருக்கும். வெளியே பிதுங்குவது நமக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது உரிந்து ஒயிலோடு கீழே போய், ஒயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் வடியை அடைத்தால் எஞ்சினுக்கு ஒயில் ஏறாது. ரப்பர் பெக்கிங் துடைத்த பள்ளத்தில் எதுவும் பூசாமல் உட்கார வேண்டியது. சிலிகன் தேவைப்படுவது கேம் தண்டைப் பிடித்து நிற்கும் கேப் ஹெட்டோடு சேரும் மூலை, டைமிங் கவர் ஹெட்டைத் தொடும் கோடு, சில எஞ்சின்களில் இருக்கும் அரைவட்ட ரப்பர், இவ்வளவுதான். அங்கேயும் ஒரு பருப்பளவு. வைத்த சில நிமிடத்தில் மூடியை உட்கார்த்துங்கள், ட்யூபில் சொன்ன நேரம் வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

கழற்றும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். பிளக் குழிகளைக் காற்றடித்துச் சுத்தம் பண்ணிவிட்டுத் துணி திணித்து வையுங்கள். ஹெட் அலுமினியம், பிளேடால் சுரண்டினால் விழும் கீறலே அடுத்த கசிவுக்கு வழி. மரக்குச்சியும் தின்னரில் நனைத்த துணியும் போதும். பெட்டிக்குள் மடிந்து கிடந்த பெக்கிங் கோணிக்கொண்டு நிற்கும். காலைக் குளிரில் இன்னும் முரண்டுபிடிக்கும். வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்தால் சொன்னபடி கேட்கும். போல்ட்களை எல்லாம் விரலால் ஏற்றிவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

புதுப் பெக்கிங்கும் ஒரு மாதத்தில் கசிந்தால், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் அது கலகலவென்று சத்தம் போட வேண்டும். அடைத்துப்போயிருந்தால் எஞ்சினுக்குள் தேங்கும் அமுக்கம் ஒயிலைப் பெக்கிங் வழியாகத்தான் வெளியே தள்ளும்.

வேலை முடிந்து முதல் ஏற்றத்தில் நாற்றம் வந்தால் பதறாதீர்கள். மெனிஃபோல்ட்டில் பழைய ஒயில் எரிந்து தீர இரண்டொரு பயணம் ஆகும். நானுஓயாவில் நிறுத்தி, கை சுடாமல், கவரின் பின்மூலையை வெள்ளை டிஷ்யூவால் தடவிப் பாருங்கள். வெள்ளையாகவே வந்தால் பொனட்டை மூடிவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கலாம். சொக்கட் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.