பில் வரும் முன்பே செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சாயங்காலம் உட்கார்ந்தால் போதும், யாராவது ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வந்துவிடுவார். நான் டாக்டர் இல்லை, முப்பது வருஷம் கணக்கு எழுதியவன். வருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எல்லாருக்கும் காப்புறுதி உண்டுன்னாங்களே அண்ணே, அப்புறம் ஏன் இவ்வளவு?"

உண்டுதான். 2015 நவம்பரிலிருந்து குடிமக்கள், நிரந்தரவாசிகள் அத்தனை பேரும் அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபில் இருக்கிறார்கள். முன்பே நோய் இருந்தவர்களையும் அது தள்ளவில்லை. ஆனால் எந்த வாசலில் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பில் ஏறும், இறங்கும்.

என் கதையையே கேளுங்கள். அம்மாவுக்குக் கண்புரை. அவசரத்தில் நேராக நிபுணரிடம் தனியார் நோயாளியாகப் பதிந்துவிட்டேன். மானியம் போயிற்று. அவசரமில்லாத எதற்கும் முதலில் பலதுறை மருந்தகம், அதாவது அரசு பாலிகிளினிக் போங்கள். நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றால் அங்கேயே பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். காத்திருக்க வேண்டிவரும், வேறு வழியில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யோசிக்காமல் 995க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது வார்டு. உடம்பு முடியாத நேரத்தில்தான் எந்த வகுப்பு என்று கேட்பார்கள். "காப்புறுதி இருக்கே" என்று மானியமில்லாத ஏ வகுப்பில் டிக் அடிக்காதீர்கள். மெடிஷீல்டு லைஃப், மானியமுள்ள பி2, சி வார்டுகளை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம். ஏ வகுப்பு பில்லில் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுக்கும். சி வார்டில் ஏர்கான் இருக்காது, ஃபேன்தான். எனக்கு அதுவே தூக்கத்துக்கு நல்லது.

பில் கைக்கு வந்ததும் மேலே இருக்கும் மொத்தத்தைப் பார்த்து நடுங்க வேண்டாம். மேல்வீட்டு அக்கா அப்படித்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கீழே இறங்கி வாருங்கள்: அரசு மானியம் கழியும், பிறகு மெடிஷீல்டு, பிறகு உங்கள் மெடிசேவ், அதாவது சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த மருத்துவச் சேமிப்பு. கடைசி வரிதான் கையிலிருந்து போவது. அதையும் கட்ட முடியாத குடிமகனுக்கு 1993இல் தொடங்கிய மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதி இருக்கிறது. நகையை அடகு வைக்கும் முன் ஆஸ்பத்திரியில் உள்ள மருத்துவ சமூக ஊழியரைக் கேளுங்கள். வருமானச் சீட்டு, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற விவரம் கையில் இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்து வேலை அனுமதிச்சீட்டில் இருக்கும் தம்பிமார் இந்தக் குடைக்குள் இல்லை, எனக்கு இதில் வருத்தம்தான். அவர்களுக்கு முதலாளி வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். ஆகவே தம்பி, சேர்ந்த முதல் வாரமே எந்தக் காப்புறுதி என்று கேட்டு, விவரத்தை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்.