லைனலிடம் அடி வாங்கும் வழிகள்

சித்தி பையன் மஞ்சக்குப்பத்திலிருந்து ராத்திரி பதினோரு மணிக்கு போன் செய்தான். "அண்ணா, பாதி சிங்கம், பாதி குதிரையா ஒண்ணு நிக்குது. ஒரே அடியில ஆளைக் காலி பண்ணிடுது!" ஸெல்டா வீடியோ கேம் வரிசையில் 2017-இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' ஆடுகிறான். அவன் சொன்ன பிராணிதான் லைனல். நிற்பது பிளாய்மஸ் மலையில். அங்கே அவனுக்கு வேலை 20 மின்னல் அம்புகளைப் பொறுக்குவது மட்டும்தான். லைனல் அந்தப் பக்கம் திரும்பும்போது குனிந்தபடியே எடுத்துக்கொண்டு நழுவிவிடலாம். நான்கே நான்கு இதயத்தை (விளையாட்டில் நம் உயிரின் அளவு) வைத்துக்கொண்டு அதை வம்புக்கு இழுத்ததுதான் முதல் தப்பு.

மோதியே தீருவேன் என்றால், தள்ளி ஓடாதீர்கள். பயத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். தூரம் கிடைத்தால் அதற்குத்தான் கொண்டாட்டம்: நான்கு காலில் பாயும், வில்லை எடுக்கும், நெருப்புருண்டை துப்பும். கிட்டேயே நில்லுங்கள். வெட்டு மேலிருந்து இறங்கினால் பக்கவாட்டில் குதியுங்கள், குறுக்கே வந்தால் பின்னால். சரியான நொடியில் குதித்தால் காலம் மெதுவாகும், வெளுத்து வாங்கலாம். ஆனால் ஆயுதத்தை ஓங்கியதுமே குதித்துவிடுகிறோம். சில்வர் பீச்சில் குளித்தவர்களுக்கு இது புரியும்: அலை தலைக்கு வரும்போதுதான் முங்க வேண்டும், தூரத்தில் தெரியும்போதே முங்கினால் மூச்சு வாங்க எழும் நேரத்தில் முகத்தில் அறையும்.

முகத்தில் அம்பு பட்டால் லைனல் நிலைகுலையும். அப்போது கீழே நின்று குத்திக்கொண்டிருக்காமல் முதுகில் ஏறுங்கள். அங்கிருந்து அடிக்கும் அடிக்கு ஆயுதம் தேய்வதே இல்லை, அதனால் இருப்பதிலேயே பலமானதை அப்போது எடுங்கள். லைனல்களிலேயே எளிய வகையான சிவப்புப் பிடரிக்காரனுக்கே உயிர் 2000, வெள்ளி லைனலுக்கு 5000. இரண்டு துருப்பிடித்த வாளோடு போனால் பாதியிலேயே கை காலி.

பழங்கால அம்பு விட்டால் ஒரே அடியில் மறைந்துவிடும், உண்மைதான். கூடவே கொம்பும் குளம்பும் போய்விடும். சமையலுக்கும் கவசத்துக்கும் அவை வேண்டியிருக்கும்போது அது நஷ்டக் கணக்கு. லைனல் முகமூடியை மாட்டிக்கொண்டு போனால்? கொஞ்ச நேரம்தான் ஏமாறும், அப்புறம் கண்டுபிடித்துவிடும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போன். "முடிச்சிட்டேன் அண்ணா! இனிமே வராதுல்ல?"

ரத்த நிலா எழும் ராத்திரியில் வரும் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.